மூடி போட்ட பள்ளத்தில் ஓடிய ரயில்

"மின்சார விளக்குகூட வராத காலத்தில் லண்டனில் நிலத்துக்கு அடியில் ரயில் ஓடியது என்கிறார்களே, நிஜமா? அந்தப் புகையில் எப்படிப் போனார்கள்? முதலில் இப்படி ஒரு யோசனை யாருக்கு, எதற்காக வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிஜம்தான். 1863 ஜனவரி 10, சனிக்கிழமை. பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் ஸ்ட்ரீட் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர், ஏழு நிலையங்கள், இழுத்தது நீராவி எஞ்சின். அன்று ஒரு நாளில் மட்டும் 38,000 பேர் ஏறினார்கள். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பி அப்போது ஆறரை வருடம்தான் ஆகியிருந்தது. எடிசனின் விளக்கு வர இன்னும் பதினாறு வருடம் இருந்தது.

அந்த ரயிலை ஓட்டிய கம்பெனியின் பெயர் மெட்ரோபாலிட்டன் ரயில்வே. பிற்பாடு பாரிஸ்காரர்கள் தங்கள் சுரங்க ரயில் கம்பெனிக்கும் அதே சொல்லைத் தங்கள் மொழியில் சூட்டி, வாய்க்கு எளிதாக 'மெத்ரோ' என்று சுருக்கினார்கள். கோயம்பேட்டில் நின்றுகொண்டு "மெட்ரோல வந்துடறேன்" என்று போனில் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் ஊர் இதுதான்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரங்க ரயில் என்றதும் பூமியைக் குடைந்து போவதாக நம் மனதில் ஒரு படம் வருகிறது. 1863இல் லண்டனில் யாரும் பெரிதாக எதையும் குடையவில்லை. சாலையை நீளமாக வெட்டிப் பள்ளம் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே செங்கல் வளைவு கட்டி, மண்ணைத் தள்ளி மூடி, மறுபடி சாலை போட்டார்கள். அவ்வளவுதான். பாதை முழுவதையும் ஆழத்தில் குடைந்து, மின்சாரத்தில் ஓட்டிய ரயில் 27 வருடம் கழித்து, 1890இல் வந்தது. எனவே லண்டன் சுரங்க ரயிலுக்கு இரண்டு பிறப்பு. முதலாவதற்குக் காரணம் ஒரு வக்கீல். இரண்டாவதற்குக் காரணம், கப்பல் மரத்தைத் துளைக்கும் ஒரு புழு என்று சொன்னால் பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

வக்கீலிலிருந்து தொடங்குகிறேன்.

1801இல் லண்டனின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். 1851 கணக்கெடுப்பில் 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதற்கு நடுவில் ரயில் வந்துவிட்டது. வந்தது என்றாலும் ஊருக்குள் வரவில்லை. ஆளாளுக்கு ஒரு கம்பெனி தொடங்கி நகரத்தின் நடுவே பாதை கேட்டு நின்றதைப் பார்த்து நாடாளுமன்றம் மிரண்டது. 1846இல் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்து, நகர மையத்துக்குள் தரைமேல் ரயில் வரக் கூடாது என்று கோடு கிழித்தது. வடக்கே அந்தக் கோடு ஒரு சாலை. அன்றைக்கு அதன் பெயர் நியூ ரோடு. இன்று மேரிலபோன் ரோடு, யூஸ்டன் ரோடு என்று துண்டு துண்டாக அழைக்கிறார்கள். யூஸ்டன் நிலையம் ஏற்கெனவே அதன் ஓரத்தில் இருந்தது. 1852இல் வந்த கிங்ஸ் கிராஸும் அங்கேயே நின்றுகொண்டது. வடக்கே நூறு மைலுக்கு அப்பாலிருந்து ரயிலில் விரைந்து வந்தவர், கிங்ஸ் கிராஸில் இறங்கி கடைசி மூன்று கிலோமீட்டருக்குக் குதிரை வண்டிகளின் நெரிசலில் மாட்டிக்கொள்வார்.

அந்த நியூ ரோட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1750களில் அதை வெட்டியதே மாடு ஓட்டத்தான். மேற்கிலிருந்து ஸ்மித்ஃபீல்டு சந்தைக்குப் போகும் மாட்டு மந்தைகள் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் வழியாக வந்து கடைத்தெருவை அமர்க்களப்படுத்தியதால், ஊருக்கு வெளியே அகலமாக ஒரு பாதை போட்டார்கள். அகலமாகப் போட்டதுதான் நூறு வருடம் கழித்துக் கைகொடுத்தது. உலகின் முதல் சுரங்க ரயிலுடைய பெரும்பகுதி இந்த மாட்டுப் பாதைக்கு அடியில்தான் ஓடுகிறது. அகலமான சாலை என்றால் இருபுறமும் வீடுகளை இடிக்காமல் பள்ளம் தோண்டலாம் அல்லவா?

இனி அந்த மனிதர். சார்லஸ் பியர்சன், பிறப்பு 1793. லண்டனின் பழைய நடுப்பகுதியான 'சிட்டி'யை ஆளும் மாநகராட்சிக்கு வழக்கறிஞர். சண்டைக்காரர், நல்ல அர்த்தத்தில். 1666இல் லண்டனில் பற்றிய பெருந்தீயை மூட்டியவர்கள் கத்தோலிக்கர்கள் என்று பொய்யாகப் பழி சுமத்தும் ஒரு வாசகம் அந்தத் தீயின் நினைவுத் தூணில் பொறிக்கப்பட்டிருந்தது. அதைச் செதுக்கி எடுக்க வைத்தவர்களில் முக்கியமானவர் இவர்.

அவருடைய தலைவலி போக்குவரத்து கிடையாது, வீட்டு வசதிதான். வேலை சிட்டியில், ஆகவே குடியிருப்பும் அதை ஒட்டியே. ஃபிளீட் என்ற சிற்றாறு ஓடிய பள்ளத்தாக்கில் ஒரே அறையில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். ஃபிளீட் அதற்குள் ஆறாக இல்லாமல் மூடப்பட்ட சாக்கடையாக மாறியிருந்தது. (கூவத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மேலே மூடியும் போட்டு.) 1846 கமிஷன் முன்னால் பியர்சன் சொன்னதன் சாரம் இது: ஏழை இருந்த இடத்தில் கட்டுண்டு கிடக்கிறான். நடந்து போக அவனுக்கு நேரமில்லை, வண்டியில் போகக் காசில்லை. மலிவான ரயில் இருந்தால் அவன் ஊருக்கு வெளியே தோட்டத்தோடு ஒரு வீட்டில் இருந்துகொண்டு தினமும் வேலைக்கு வந்து போகலாம். இன்று நகரமைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் பாதிப் பேர் சொல்வது இதைத்தான்.

அவர் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. சிட்டிக்குள் வரும் வழிகளில் ஆட்களை நிறுத்தி, யார் எப்படி வருகிறார்கள் என்று தலையெண்ண வைத்தார். 1850களில் போக்குவரத்துக் கணக்கெடுப்பு என்பது யாரும் செய்யாத வேலை. தினமும் நடந்தே வருகிறவர்கள் சுமார் 2 லட்சம் பேர், குதிரைகள் இழுக்கும் ஆம்னிபஸ்ஸில் வருகிறவர்கள் 44,000 பேர் என்று வந்த கணக்கை நாடாளுமன்றக் குழுவின் முன் வைத்தார். கூட்டம் இருக்கிறது, ரயில் விட்டால் ஏறுவார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்.

1854இல் சட்டம் நிறைவேறியது. பணம்தான் வரவில்லை. கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. கடன் கொடுப்பவர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். சட்டம் தாளில் கிடந்தது. கடைசியில் பியர்சன் தன் சொந்த மாநகராட்சியையே வளைத்தார். ஃபிளீட் பள்ளத்தாக்கில் அவர்கள் கையில் இருந்த நிலத்தை ரயில் கம்பெனிக்குக் கொடுத்து, 2 லட்சம் பவுண்டுக்குப் பங்கும் வாங்க வைத்தார். பாடிங்டனில் முடங்கிக் கிடந்த கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, சிட்டிக்குள் நுழைய ஒரு வழி கிடைக்கிறதே என்று 1,75,000 பவுண்டு போட்டது. உலகின் முதல் சுரங்க ரயில் தனியார் முயற்சி என்று எழுதுகிறவர்கள் மாநகராட்சியின் அந்த 2 லட்சத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பள்ளமே தோண்டியிருக்க மாட்டார்கள்.

1860இல் வேலை தொடங்கியது. பொறியாளர் ஜான் ஃபவுலர். சாலையைப் பத்து மீட்டர் அகலத்துக்கு வெட்டுவது, பக்கச் சுவர் எழுப்புவது, எட்டரை மீட்டர் அகலத்தில் செங்கல் வளைவு போடுவது, மூடுவது. புதிய தொழில்நுட்பம் என்று இதில் ஒன்றும் இல்லை. கால்வாய் வெட்டத் தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும். கஷ்டம் எல்லாம் பூமிக்குள் ஏற்கெனவே போயிருந்தவற்றால் வந்தது. கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய், சாக்கடை என்று ஒவ்வொன்றையும் தாங்கிப் பிடித்து, திருப்பி, மாற்றிப் போட்டுத்தான் ஒவ்வொரு அடியும் நகர்ந்தது. மெட்ரோ வேலை நடக்கும் ஊரில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1862 ஜூனில் ஃபிளீட் பழி தீர்த்துக்கொண்டது. ஃபாரிங்டன் அருகே சாக்கடைச் சுவர் உடைந்து, கட்டி முடித்த பாதையில் பத்தடி உயரத்துக்கு நாற்றத் தண்ணீர் நிரம்பியது. ஒரு மாநகரத்தின் கழிவு முழுவதும் புது ரயில் பாதையில். அதை இறைத்து, சுவரைத் திரும்பக் கட்டி, சில மாதங்கள் தாமதத்தோடு வேலையை முடித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான கணக்கைச் சொல்லியாக வேண்டும். நியூ ரோட்டில் வீடுகளை இடிக்கவில்லை என்றேன். ஃபாரிங்டன் பக்கம் இடித்தார்கள், அதுவும் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த குடிசைப் பகுதியை. அங்கே நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு இழப்பீடு கிடைத்தது. வார வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. அவர்கள் எங்கே போவார்கள்? அடுத்த தெருவுக்குப் போனார்கள். அங்கே ஒரே அறையில் இருந்த ஐந்து பேர் எட்டுப் பேர் ஆனார்கள். யாரை நெரிசலிலிருந்து விடுவிக்கப் பியர்சன் ரயில் கேட்டாரோ, அவர்கள் வீட்டின் மேல்தான் அந்த ரயிலின் கடப்பாரை முதலில் விழுந்தது. தொழிலாளருக்கென்று அதிகாலையில் போய்வர 3 பென்னிக்கு மலிவு ரயில் 1864இல் வந்தது, உண்மைதான். அந்த 3 பென்னியையும் மிச்சம் பிடிக்க வேண்டியவன் நடந்துதான் போனான்.

ரயில் ஓடுவதைப் பார்க்கப் பியர்சனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1862 செப்டம்பர் 14 அன்று இறந்துபோனார், திறப்பு விழாவுக்கு நான்கு மாதம் முன்பு. கம்பெனி அவருக்குச் சன்மானம் தர முன்வந்தபோது, நான் மாநகராட்சியின் ஊழியன், என் நேரத்துக்கு அவர்கள்தான் உடைமைக்காரர்கள் என்று மறுத்திருந்தார். பிறகு அவர் மனைவிக்கு வருடம் 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தார்கள். ஜனவரி 9 அன்று பிரமுகர்கள் ரயிலில் போய் ஃபாரிங்டனில் விருந்து சாப்பிட்டார்கள். 78 வயதுப் பிரதமர் பாமர்ஸ்டன் மட்டும் வரவில்லை. என் வயதில் எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் பூமிக்கு மேலேயே இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியதாக ஒரு கதை உலவுகிறது. கதையாகவே இருந்தாலும் நன்றாக இருக்கிறது.

இனி உங்கள் புகைக் கேள்வி.

ஃபவுலருக்கு முதலிலேயே அந்தக் கவலை இருந்தது. நெருப்பே இல்லாத எஞ்சின் ஒன்று செய்யப் பார்த்தார். செங்கற்களை வெண்சூடாகக் காய்ச்சி கொதிகலனுக்குள் வைத்து, சுரங்கத்துக்குள் போகும்போது அந்தச் சூட்டிலேயே நீராவி எடுப்பது என்று திட்டம். 1861இல் ஓட்டிப் பார்த்தார்கள். நீராவி போதவில்லை, கொதிகலன் வெடிக்காமல் தப்பியதே பெரிது. எஞ்சினை மூலையில் போட்டுவிட்டார்கள். 'ஃபவுலரின் பேய்' என்று பெயர் மட்டும் மிஞ்சியது.

அதன் பிறகு கைக்கொண்ட வழி எளிமையானது. எஞ்சின் கக்கும் நீராவியைப் புகைபோக்கியில் விடாமல் ஒரு குழாய் வழியாகத் திருப்பி, எஞ்சினோடு இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் அனுப்புவது. நீராவி அங்கே குளிர்ந்து தண்ணீராகிவிடும். ஓடும்போது நெருப்பைத் தூண்டாமல் அடக்கி வைப்பது. புகை குறைவாக வர முதலில் கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கரி) எரித்தார்கள், பிறகு நல்ல ரக நிலக்கரி. இதில் நீராவிக்குத்தான் வழி பிறந்தது. நெருப்பிலிருந்து வரும் கந்தக வாயுவும் கரியமில வாயுவும் எங்கே போகும்? தொட்டித் தண்ணீரும் சீக்கிரம் சூடாகிவிடும். சூடான பிறகு நீராவி அதில் அடங்காது. பெட்டிகளிலோ கேஸ் விளக்கு. அந்தக் கேஸைப் பெட்டியின் கூரைமேல் பைகளில் நிரப்பிக் கொண்டுபோனார்கள். இத்தனைக்கும் நடுவில், பிற்பாடு ஜனங்கள் பைப் வேறு பிடித்தார்கள்.

இதற்குள் வேறொரு கூத்து. தண்டவாளங்களுக்கு நடுவே விட்ட இடைவெளி கிரேட் வெஸ்டர்ன் வழக்கப்படி 7 அடிக்கும் சற்று அதிகம். நம்முடைய பிராட்கேஜ் 5 அடி 6 அங்குலம் என்றால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குறுகலான பாதையில் ஓடும் மற்ற கம்பெனி ரயில்களும் வரலாம் என்று உள்ளே மூன்றாவது தண்டவாளம் ஒன்றும் போட்டு வைத்திருந்தார்கள். நல்ல வேளை. ரயில் ஓடிய ஏழாவது மாதமே கிரேட் வெஸ்டர்னுக்கும் மெட்ரோபாலிட்டனுக்கும் சண்டை முற்றி, ஆகஸ்டில் கிரேட் வெஸ்டர்ன்காரர்கள் தங்கள் எஞ்சின், பெட்டி அனைத்தையும் விலக்கிக்கொண்டார்கள். சொந்தமாக எதுவும் இல்லாத மெட்ரோபாலிட்டன், வேறு கம்பெனிகளிடம் இரவல் வாங்கி அந்த மூன்றாவது தண்டவாளத்தில் ஓட்டிச் சமாளித்தது. 1864இல்தான் அதற்குச் சொந்த எஞ்சின்கள் வந்தன.

புகை இருந்தும் கூட்டம் குறையவில்லை. முதல் வருடமே 95 லட்சம் பயணம். கூட்டம் கூட ரயில் கூடியது, ரயில் கூடப் புகை கூடியது. 1897இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தபோது, எட்ஜ்வேர் ரோட்டுக்கும் கிங்ஸ் கிராஸுக்கும் இடையில் ஒரு நாளில் 528 பயணிகள் ரயிலும் 14 சரக்கு ரயிலும் ஓடிக்கொண்டிருந்தன. அத்தனையும் கரி எஞ்சின். அந்தக் குழுவின் சாட்சியங்கள் சுவையானவை. கவர் ஸ்ட்ரீட் நிலையத்தருகே இருந்த ஒரு மருந்துக் கடைக்காரர், மூச்சுத் திணறி மேலே வருகிறவர்களுக்காகவே ஒரு மருந்து கலக்கி வைத்திருந்தார். 'மெட்ரோபாலிட்டன் மிக்ஸ்சர்' என்று அதற்குப் பெயர். ரயில்வே தரப்போ சற்றும் அசரவில்லை. அமிலம் கலந்த அந்தக் காற்று தொண்டைக்கு நல்லது, ஆஸ்துமாக்காரர்கள் குணமாவதற்காகவே போர்ட்லண்ட் ரோடு நிலையத்துக்கு வருகிறார்கள் என்று கம்பெனி மேலாளர் சாட்சி சொன்னார். சிரிக்காமல் சொன்னாராம்.

பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தின் 5, 6ஆம் நடைமேடைகளை 1980களில் பழைய தோற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே செங்கல் வளைவின் இருபுறமும் வரிசையாக மாடம் மாடமாகச் சாய்வாக மேலேறும் துளைகளைப் பார்க்கலாம். வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று சாலையோரம் வரை திறந்துவிட்டிருந்த வழிகள் அவை. நான் முதன்முறை பார்த்தபோது அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன். மூக்கு என்று பிறகுதான் புரிந்தது.

வெட்டி மூடும் வேலையின் இன்னொரு வேடிக்கையும் புகையால் வந்ததே. எஞ்சின் அவ்வப்போது திறந்தவெளியில் வந்து மூச்சு விட்டாக வேண்டும். பேஸ்வாட்டர் பகுதியில் லீன்ஸ்டர் கார்டன்ஸ் என்று ஒரு பணக்காரத் தெரு. வரிசையாக ஒரே மாதிரி ஐந்து மாடி வீடுகள். பாதை குறுக்கே போனதால் 23, 24ஆம் எண் வீடுகளை இடிக்க வேண்டி வந்தது. தெருவின் அழகு கெடக் கூடாது என்பதற்காக, முன்சுவர் மட்டும் அப்படியே எழுப்பினார்கள். தூண், பால்கனி, கதவு, ஜன்னல் எல்லாம் உண்டு. பின்னால் வீடு கிடையாது, பள்ளமும் தண்டவாளமும்தான். இன்றும் நிற்கிறது. கதவில் கடிதம் போடத் துளை கிடையாது என்பதைக் கவனித்தால்தான் தெரியும்.

மெட்ரோபாலிட்டனும், தெற்குப் பக்கம் 1868இல் வந்த டிஸ்ட்ரிக்ட் ரயில்வேயும் சேர்ந்து நகரத்தைச் சுற்றி ஒரு வளையம் போட வேண்டும் என்பது திட்டம். இரண்டின் தலைவர்களுக்கும் ஜென்மப் பகை. வளையம் முடிய 1884 ஆகிவிட்டது, முதல் ரயில் ஓடி 21 வருடம். முடிந்த பிறகும் வலமாகச் சுற்றும் ரயில் ஒருவருக்கு, இடமாகச் சுற்றும் ரயில் மற்றவருக்கு. தாமதத்துக்குப் பகை ஒரு காரணம் என்றால் செலவு பெரிய காரணம். நகரத்தின் நடுவே எல்லாத் தெருவும் மாட்டுப் பாதை அகலம் கிடையாது. தோண்டினால் பக்கத்துக் கட்டடத்துக்கு விலை கொடுக்க வேண்டும், சிட்டியில் நிலத்தின் விலையோ வாய் பிளக்க வைக்கும். பள்ளம் வெட்டும் வித்தை அதோடு முட்டிக்கொண்டு நின்றது. இனி வழி இன்னும் கீழேதான்.

இங்கேதான் புழு வருகிறது. மார்க் புரூனல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இங்கிலாந்தில் குடியேறியவர். கப்பலின் மரத்தைத் துளைக்கும் புழு எப்படித் தன் தலையில் உள்ள ஓட்டால் மரத்தைச் சுரண்டிக்கொண்டே, பின்னால் வழியைச் சுண்ணாம்புப் பூச்சால் கெட்டிப்படுத்திக்கொண்டே போகிறது என்று பார்த்துத் தனக்கு யோசனை வந்ததாகச் சொல்வார். அதே மாதிரி இரும்புச் சட்டம் ஒன்று செய்தார். 36 அறைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். எதிரே உள்ள மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்ட, சட்டத்தை முன்னால் தள்ள, பின்னால் கொத்தனார்கள் செங்கல் கட்டிக்கொண்டே வருவார்கள். 1825இல் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் தொடங்கி 1843இல் முடித்தார். 400 மீட்டருக்கு 18 வருடம். ஆறு பலமுறை உள்ளே புகுந்தது. 1828 வெள்ளத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அங்கே வேலை பார்த்த புரூனலின் மகன் இசம்பார்ட் மயிரிழையில் தப்பினார். வண்டிகள் போக வேண்டிய சுரங்கத்தில் சாய்வுப் பாதை போடப் பணம் இல்லாமல் ஜனங்கள் நடந்து போய் வேடிக்கை பார்த்தார்கள். 1869இல்தான் அதில் ரயில் வந்தது, இன்றும் ஓடுகிறது.

புரூனலின் சட்டம் செவ்வகமாக, பிரம்மாண்டமாக இருந்தது. அதைச் சின்னதாக, வட்டமாக ஆக்கியவர்கள் பீட்டர் பார்லோவும், தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட்டும். வட்ட இரும்பு உருளை. அதைத் திருகு ஜாக்கிகளால் முன்னால் நெட்டித் தள்ளுவது. பின்னால் செங்கல்லுக்குப் பதிலாக வார்ப்பிரும்புத் துண்டுகளைப் போல்ட்டு போட்டு வளையமாக இணைப்பது. கிணற்றுக்கு உறை இறக்குகிறோமே, அதைப் படுக்கவைத்தது மாதிரி. லண்டன் டவர் கோட்டை அருகே 1869இல் தேம்ஸுக்கு அடியில் சுமார் 400 மீட்டர் தோண்டினார்கள். புரூனலுக்கு 18 வருடம் பிடித்த தூரம் இவர்களுக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிரேட்ஹெட்டுக்கு அப்போது 25 வயது. இதில் பாதி அவர் திறமை, பாதி லண்டன் மண்ணின் கருணை. அடியில் இருக்கும் நீலச் சாம்பல் களிமண் கத்தியால் வெட்டினால் வெட்டுப்படும், சரியாது, தண்ணீர் விடாது. தேம்ஸுக்குத் தெற்கே பல இடங்களில் மணலும் நீரும் கலந்த மண். லண்டன் வரைபடத்தில் வடக்கே கோடுகள் நெருக்கமாகவும் தெற்கே வெறிச்சென்றும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டவர் சுரங்கத்தில் கயிறு கட்டி இழுக்கும் 12 பேர் உட்காரும் ஒரு பெட்டியை விட்டார்கள். சில மாதத்தில் கம்பெனி திவால். பிறகு அரை பென்னி வாங்கிக்கொண்டு ஆட்களை நடந்து போக விட்டார்கள். ஆனால் குடைய முடியும் என்பது தெரிந்துவிட்டது.

குடைந்த குழாயில் கரி எஞ்சின் விட முடியாது; மூன்று மீட்டர் விட்டமுள்ள குழாயில் புகை எங்கே போகும்? அதனால் 1880களில் சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே தன் பாதையைத் தோண்டத் தொடங்கியபோது கயிற்று இழுவை என்றே முடிவு செய்திருந்தது. அந்தக் கயிற்றுக் கம்பெனி வழியில் மண்ணைக் கவ்வ, பாதி வேலையில் மின்சாரத்துக்கு மாறினார்கள். யாரும் திட்டமிட்டு முன்கூட்டியே செய்த புரட்சி என்று இதைச் சொல்ல முடியாது. கையில் இருந்த ஏற்பாடு கெட்டுப்போனதால் புதியதைப் பிடித்தார்கள். 1890 டிசம்பர் 18 முதல் கிங் வில்லியம் ஸ்ட்ரீட்டிலிருந்து ஸ்டாக்வெல் வரை ஐந்து கிலோமீட்டர், மின் எஞ்சின் இழுக்கும் உலகின் முதல் ஆழ்சுரங்க ரயில். எங்கே போனாலும் 2 பென்னி. கீழே இறங்க நீர் அழுத்தத்தில் இயங்கும் லிஃப்ட். குடையும் இரும்பு உருளை, மின்சாரம், லிஃப்ட் என மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்த பிறகுதான் இன்று நாம் சுரங்க ரயில் என்று சொல்கிற சமாச்சாரம் பிறந்தது.

பெட்டிகளைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். வெளியே பார்க்க என்ன இருக்கிறது என்று ஜன்னலே கிட்டத்தட்ட வைக்கவில்லை. மேலே ஒரு கீற்று. மெத்தை முதுகு உயரத்துக்கு மேலும் ஏறும். பைத்தியக்கார விடுதியின் பஞ்சுச் சுவர் அறை என்று ஊரே கேலி செய்தது. எந்த நிலையம் வந்தது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, கார்டு கத்திச் சொல்ல வேண்டும். தனியார் நிலத்துக்கு அடியில் போனால் காசு கொடுக்க வேண்டுமே என்று பாதையைத் தெருவின் அடியிலேயே வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். ஒரு தெரு மிகவும் குறுகல் என்பதால் இரண்டு குழாய்களையும் பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். கிங் வில்லியம் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு ஏறும் சரிவும் வளைவும் அந்தச் சின்ன எஞ்சின்களைப் படுத்திய பாட்டில், பத்தே வருடத்தில் நிலையத்தையே கைவிட்டுப் புதுப் பாதை போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1900இல் சென்ட்ரல் லண்டன் ரயில்வே. அதற்குள் 1896இல் புடாபெஸ்ட், கிளாஸ்கோ, 1897இல் பாஸ்டன், 1900இல் பாரிஸ் என்று மற்ற நகரங்களும் இறங்கிவிட்டன, நியூயார்க் 1904. அமெரிக்காவிலிருந்து சார்லஸ் யெர்க்ஸ் என்ற பண வித்தைக்காரர் லண்டனுக்கு வந்து டிஸ்ட்ரிக்டையும் பாதியில் நின்ற சில குழாய்த் திட்டங்களையும் வளைத்துப் போட்டு, மூன்று புதுப் பாதைகளுக்கு வழி செய்தார். 1906, 1907இல் அவை திறப்பதற்குள் 1905இலேயே இறந்துவிட்டார், பியர்சனைப் போல. ஒற்றுமை அதோடு சரி. ஒருவர் சன்மானமே வேண்டாம் என்றவர். மற்றவர் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தபோது மோசடிக்காகச் சிறைக்குப் போனவர். 1905இல் வளையப் பாதையும் மின்சாரத்துக்கு மாற, மருந்துக் கடைக்காரரின் மிக்ஸ்சருக்கு வேலை போனது.

பழைய இரண்டு முறைகளும் அப்படியே பிழைத்திருக்கின்றன. 1984இல் திறந்த கல்கத்தா மெட்ரோவின் முதல் பாதை பெரும்பாலும் 1863 பாணியில் வெட்டி மூடியது. ஊர் பத்து வருடத்துக்கு மேல் பள்ளத்தோடு வாழ்ந்தது. சென்னையில் இரண்டும் உண்டு. நிலையங்களை மேலிருந்து தோண்டினார்கள். நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே ராட்சத இயந்திரம் குடைந்துகொண்டு போய், பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாக அடுக்கியது. வார்ப்பிரும்பு கான்கிரீட் ஆனதும், ஆள் சுரண்டியதைச் சுழலும் பல் சக்கரம் சுரண்டுவதும்தான் வித்தியாசம். ஆனால் சென்னைக்கு லண்டனின் களிமண் வாய்க்கவில்லை. ஒரே குடைவில் பாறை, மணல், களி என்று மாறி மாறி வந்து இயந்திரங்களைத் திணறடித்தது.

கிரேட்ஹெட் 1896இல் இறந்தார். லண்டன் போகிறவர்கள் பேங்க் நிலையத்திலிருந்து மேலே வந்து கார்ன்ஹில் தெருவில் பார்த்தால், தொப்பியோடு கையிலுள்ள வரைபடத்தைப் பார்த்தபடி அவர் சிலையாக நிற்பது தெரியும். 1994இல் வைத்தது. பீடம் சிலையின் அளவுக்குச் சற்று அதிகமாகவே பெரியது. அதற்குக் காரணம் உண்டு: உள்ளே கூடாக இருக்கும் அந்தப் பீடம், கீழேயுள்ள பேங்க் நிலையத்துக்குக் காற்றுப் போக்கி.